குறையும் பயனும்

1839-ஆம் ஆண்டில் தாகேரின் நிழற்பட முறை வெளியானபோது, படம் எடுப்பித்துக்கொள்வோர் நிமிஷக்கணக்கில் சிலைபோல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. 1840-இல் வியன்னா சர்வகலாசாலைக் கணிதப் பேராசிரியர் யோசேப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வகுத்த லென்ஸ், பன்மடங்கு ஒளியை ஏற்று அக்காலத்தை வெகுவாய்ச் சுருக்கிற்று.

அவ்வகைப் பழைய லென்ஸ் ஒன்றினால் அண்மையில் என் பாட்டியாரைப் படமெடுத்தேன். கண்கள் தெளிவுற விளங்கின, ஓரங்களோ மங்கின. குவியும் தளம் வளைந்திருத்தலே அதற்குக் காரணம். பின்னிருந்த இலைகளும் சுழல்வனபோல் தோன்றின.

அச்சுழலையே அழகென நாடுவோர் இன்று பலர். யான் அதற்கு உடன்படேன். குறை குறையே. ஆயினும், ஓரத்தின் தெளிவை விட்டு விரைவைக் கொண்டிராவிடில், அக்காலத்து மாந்தர் பலர்தம் முகம் நமக்குக் கிட்டியிராது. கருவியின் மதிப்பு அது நிறைவேற்றிய காரியத்திலன்றோ உள்ளது?