பட்டியலும் அந்தாதியும்

மயிலாடுதுறையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சங்கீதப் பிரியர். மாதம் பிறந்தால் மளிகைக் கடைக்குச் சாமான் பட்டியல் போகிறதோ இல்லையோ, எனக்கு அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்துவிடும். சென்ற மாதம் அவருக்குப் பிடித்த பத்துப் பாட்டுகள். ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு, எதிரே படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் எழுதியிருப்பார். ஆறாவது பாட்டை நாலாவது இடத்துக்கு ஏற்றியதற்குக் காரணம்கூடச் சில மாதங்களில் இருக்கும்.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். தை மாதம் திருக்கடையூருக்குப் போய்வரும் வரையில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

உறவினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். நண்பருக்கும் அழைப்பு இருந்ததால் இருவரும் ஒரே வண்டியில் விடியற்காலையில் கிளம்பினோம். வழி நெடுக அந்த மாதப் பட்டியலைப் பற்றியே பேச்சு. மூன்றாவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடந்த தகராறு தீருவதற்குள் செம்பனார்கோயில் வந்து, போய்விட்டது. ரக்தி மேளத்துக்குப் பெயர்போன ஊர். எஸ்.ஆர்.ஜி. சம்பந்தம், ராஜண்ணா சகோதரர்களின் ஊர். சங்கீதப் பிரியர்கள் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

திருக்கடையூர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். எமனைக் காலால் உதைத்த சுவாமி இருக்கிற இடம். ஆகையால் ஆயுளுக்காக அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அங்கே நடந்தவண்ணம் இருக்கின்றன. ஒரே முகூர்த்தத்தில் பிராகாரத்தில் வரிசையாகப் பல கல்யாணங்கள். எங்கள் கோஷ்டிக்கு அமைந்த நாதஸ்வரக்காரர் வயதானவர். ஒரு தூணோரம் உட்கார்ந்து தோடியை எடுத்தார். அவசரம் இல்லை, ஆடம்பரம் இல்லை. காந்தாரத்தில் நின்று நின்று, ஏற்றத்தில் நீர் இறைக்கிறவன் போல மெல்லக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து நண்பர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஓய், முதல் இடம் எதுக்குன்னு பாரும்!”

நானும் பார்த்தேன். அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். நாதஸ்வரம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் ஆள்காட்டி விரலை ஆட்டினார். “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” தோடி அந்த இடத்திலேயே அறுந்தது. தவில் இடியாக முழங்கிற்று. அட்சதை விழுந்தது. தோடி அறுந்தது பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அறுப்பதற்கு ஒன்று இருந்தது என்று தெரிந்தால் அல்லவா வருத்தம்!

சினிமாப் பாட்டைத் திட்ட வந்திருக்கிறேன் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்தத் திட்டுக்கு என்ன பலன் என்று நாடே பார்த்துவிட்டது. 1952-இல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர், ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒடுக்கி ஜனங்களுக்கு நல்ல சங்கீதம் புகட்டப் பார்த்தார். ஜனங்கள் வாயைத் திறக்காமல் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே ‘பினாகா கீத்மாலா’ என்று ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். தேசம் முழுவதும் அந்த வரிசைக்காகக் காத்துக் கிடந்தது. கடைசியில் 1957-இல் சர்க்காரே விவித பாரதியை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பிடித்ததைப் பிடிக்காதே என்று சொல்ல மந்திரியாலேயே முடியாதபோது என்னால் முடியுமா?

என் சண்டை பாட்டோடு அல்ல, பட்டியலோடு. பட்டியலில் இரண்டாவது பாட்டு வந்ததும் முதல் பாட்டின் வேலை முடிந்துவிடுகிறது. மாதம் முடிந்தால் பத்துப் பாட்டுக்கும் வேலை போய்விடுகிறது. ஒன்று இன்னொன்றுக்கு வழிவிடுகிறதே தவிர, வழி காட்டுவதில்லை. ரசிகரும் வருஷத்துக்கு நூற்றிருபது பாட்டுகளைக் கடந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு வரிசையைத் திருக்கடையூரிலேயே காணலாம். அபிராமி பட்டர் பாடிய அந்தாதி. நூறு பாட்டு. ஒரு பாட்டு முடிகிற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டு எழுகிறது. நூறாவது பாட்டின் முடிவு மறுபடி முதல் பாட்டின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அம்மன் சந்நிதியில் அதைச் சொல்கிற பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு இது சென்ற மாதப் பாட்டல்ல. சுமார் முந்நூறு வருஷத்துப் பாட்டு. ஆனாலும் பழசாகவில்லை.

ரசனையும் அந்தாதியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நண்பரின் பட்டியலில் அடிக்கடி இடம் பெறும் பழைய பாட்டு ஒன்று உண்டு. ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வந்த ‘சிங்கார வேலனே’. 1962-ஆம் வருஷத்துப் படம். பாடியவர் எஸ். ஜானகி என்று தவறாமல் குறிப்பார். ஜானகியின் குரலோடு தோளுக்குத் தோள் நின்று போட்டி போடுகிற அந்த நாதஸ்வரம் யாருடையது? பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது அது. 1964-இல் காலமாகிவிட்டார். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. கிராமபோன் தட்டில் பக்கத்துக்கு மூன்று சில்லறை நிமிஷம் என்று அடக்கிக் கொடுத்த அந்தத் தோடியை இன்றும் கேட்கலாம். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். திருக்கடையூர்ப் பிராகாரத்தில் தூணோரம் உட்கார்ந்திருக்கிற கிழவர் என்ன செய்கிறார் என்பது புரியும். சினிமாப் பாட்டில் ஆரம்பித்தே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். பாட்டு வழி காட்டத்தான் செய்கிறது. அடுத்த இலக்கம் போடுகிற அவசரத்தில் நாம்தான் போவதில்லை.

“ரசனை அவரவர் சொந்த விஷயம், ஓய்” என்பார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பலன் சொந்த விஷயமாக நிற்பதில்லையே. ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் இழைத்து இழைத்து நீண்ட பாரி நாயனத்தை உருவாக்கினார். கேட்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். மரத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஊதுகிறவருக்குத்தான் பெயர் இல்லை. அன்றைக்கு அந்தக் கல்யாணப் பத்திரிகையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். பேரன் பேத்திகள் முதல் சமையல் காண்டிராக்டர் வரை எல்லோரும் இருந்தார்கள். ‘நாதஸ்வரம்’ என்ற வரி இல்லை. கேட்கிறவன் இல்லாத வித்தை எத்தனை தலைமுறைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்?

பந்தி முடிந்ததும் அவரைத் தேடிக்கொண்டு போனேன். வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“காலையில் தோடி வாசித்தீர்களே, ரொம்ப நன்றாக இருந்தது. பாதியில் நின்றுவிட்டது” என்றேன்.

அவர் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: “நாப்பது வருஷமா பாதியிலேதாங்க நிக்குது. மீதியை வீட்டுக்குப் போய் வாசிச்சுக்குவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தோடு அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். விளம்பரம் செய்யும் உத்தேசத்தோடு கேட்கவில்லையாதலால் இங்கே எழுதவில்லை. உங்கள் ஊர்க் கல்யாணத்தில் வாசிக்கிறவர் பெயரை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, முகூர்த்தம் தவறிவிடாது என்றால், விரலை ஆட்டுகிற மனுஷரின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாசி பிறந்ததும் நண்பரின் பட்டியல் வழக்கம்போல் வந்தது. இலக்கங்கள் ஒன்பதுதான் இருந்தன. பத்தாவது இடத்தில், ‘திருக்கடையூர்த் தோடி, பாதி’ என்று எழுதியிருந்தார். பட்டியலுக்கு நான் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. மீதியை அவர் வீட்டிலேயே போய்க் கேட்டுவிட்டு வரலாம், எப்போது கிளம்பலாம் என்று கேட்டிருக்கிறேன்.