பிரிட்டிஷ் போலீஸ் சீரியல்களில் டேப் ரெக்கார்டர்… நம்ம ஊர் ஸ்டேஷனில்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கதை நடக்கும் ‘வதந்தி’ வெப்சீரிஸ் 2022 டிசம்பரில் பிரைம் வீடியோவில் வந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம், 8 எபிசோடு. லாட்ஜ் நடத்தும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் மகள் வெலோனி கொல்லப்படுகிறாள். அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்ல, எஸ்.ஐ. விவேக் (எஸ்.ஜே.சூர்யா) கேஸை விட முடியாமல் வீட்டு நிம்மதியைத் தொலைக்கிறார். இப்படிப்பட்ட போலீஸ்காரர் தமிழுக்குக் கொஞ்சம் புதுசு. பிரிட்டிஷ் டிவிக்கு ரொம்பப் பழசு.

சல்யூட் அடித்த தாத்தா

அங்கே 1955-ல் பிபிசி ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடரைத் தொடங்கியது. ‘தி ப்ளூ லேம்ப்’ (1950) படத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கான்ஸ்டபிளை இதற்காகவே உயிர்ப்பித்தார்கள். (மெகா சீரியல் பார்க்கும் நாம் இதில் லாஜிக் கேட்கக்கூடாது.) கேமராவைப் பார்த்து சல்யூட் அடித்து வணக்கம் சொல்லும் நல்ல மனிதர் அவர். 1976-ல் தொடர் முடிந்தபோது நடிகர் ஜாக் வார்னருக்கு வயது 80.

1962-ல் வந்த ‘இசட் கார்ஸ்’ அந்த இமேஜை உடைத்தது. முதல் எபிசோடிலேயே மனைவியை அடித்த ஒரு போலீஸ்காரர் இருந்தார். 1975-ல் ‘தி ஸ்வீனி’ இன்னும் முரட்டுத்தனம். கதை நடப்பது லண்டன் ‘பிளையிங் ஸ்குவாட்’டில். அதே பிரிவின் நிஜ முன்னாள் தலைவர் 1977-ல் ஊழல் வழக்கில் ஜெயிலுக்குப் போனார். அந்தத் தொடரின் ஹீரோ ஜான் தா, 1987-ல் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ ஆகி, பாட்டுக் கேட்டுக்கொண்டே கேஸை யோசிக்கும் ஆளாக மாறினார். 1991-ல் ‘பிரைம் சஸ்பெக்ட்’டில் ஹெலன் மிரன், சக ஆண் போலீஸாரோடும் மல்லுக்கட்டினார்.

அந்த 1991-ல்தான் ‘பர்மிங்ஹாம் சிக்ஸ்’ விடுதலையானார்கள். குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 16 வருடம் கழித்து நிரபராதிகள் என்று வெளியே வந்த 6 பேர். போலீஸ் அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கியது என்று அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். 1984-ல் வந்த புதிய சட்டத்தைத் தொடர்ந்து விசாரணையை டேப்பில் பதிவு செய்வது அங்கே படிப்படியாகக் கட்டாயமாகியிருந்தது. சீரியல்களும் மாறின: மேஜை, ரெக்கார்டர், பக்கத்தில் வக்கீல். ‘லைன் ஆஃப் டியூட்டி’யில் (2012-2021) அந்த ரெக்கார்டரின் நீளமான ‘பீப்’ சத்தத்துக்கே ரசிகர்கள் உண்டு. அதில் விசாரிக்கப்படுவதும் போலீஸ்தான். அடி இல்லை, உதை இல்லை, ஆனாலும் சீட் நுனிக்கு வரவைக்கும்.

1872-லேயே சந்தேகம்

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-லேயே இந்திய சாட்சியச் சட்டத்தில் எழுதியதும் பிரிட்டிஷ்காரர்கள்தான். புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஒரே ஒரு விலக்கு: குற்றவாளி சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். ‘நகை எங்கேடா?’ என்ற கேள்வியோடு லத்தி வருவதற்கு இந்த விலக்கும் ஒரு காரணம். ஹீரோ போலீஸ் அறைந்தால் தியேட்டரில் விசில் அடித்த அதே ஊர்தான் ‘விசாரணை’, ‘ஜெய்பீம்’ படங்களையும் கொண்டாடியது. ஆனால் பதிவாகும் விசாரணையை மட்டும் நம்ம திரையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நிஜத்திலும் அப்படித்தான். நாகர்கோவிலிலிருந்து அதிகத் தூரமில்லாத சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் தாக்குதலில் இறந்தபோது, ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். உள்ளே நடந்ததைச் சொன்னவர் அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர்.

அந்த டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் ஆடியோவோடு சிசிடிவி வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகாரில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை அடிக்கும் வீடியோ எந்த ஸ்டேஷன் கேமராவிலிருந்தும் வரவில்லை. அவரைக் கொண்டுபோய் அடித்தது ஸ்டேஷனுக்கு வெளியே. அதை ஒளிந்திருந்து மொபைலில் எடுத்தவர் கோயிலில் வேலை பார்த்த ஒருவர்.