பத்து வயதில் விடுதிக்கு

புளியங்குடியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் எலுமிச்சைச் சந்தையில் எடை போடும் வேலை பார்ப்பவர். மூத்த மகன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். கணக்கில் சூட்டிகையான பிள்ளை. "இவனைச் சைனிக் பள்ளியில் சேர்த்தால் நாளை இராணுவ அதிகாரியாக வருவான்" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. பக்கத்து ஊர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் விசாரித்தார்கள். சைனிக், நவோதயா ஆகிய இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்துப் பயிற்சி தருவதாகக் கூறி ஒரு பெருந்தொகை கேட்டார்கள். அம்மையாரின் வளையல்கள் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின.

கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். ஒருநாள் இரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் பையன் கேட்டானாம்: "அம்மா, நான் தேறாவிட்டால் உன் வளையல் திரும்பி வராதா?" "அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, ஐயா" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் பணம் வாங்கியவர்கள் உங்களுக்குச் சொல்லாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நவோதயா பள்ளிகள் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி நாடெங்கும் மாவட்டந்தோறும் எழுந்தவை. இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடிக்கும் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை அமைக்குமாறு தீர்ப்பளித்ததும், வழக்கு உச்சநீதிமன்றம் சென்றதும் பலருக்கு நினைவிருக்கலாம். இதை எழுதும்வரை நம் மாநிலத்தில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லை. புதுச்சேரியில் உண்டு, காரைக்காலில் உண்டு, மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் மாவட்டந்தோறும் உண்டு. ஆனால் அந்தந்த மாவட்டத்தில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைதான் அத்தேர்வை எழுத முடியும். புளியங்குடியில் படிக்கும் உங்கள் மகனுக்கு அந்த வாசல் இல்லை. இல்லாத வாசலுக்குச் சாவி விற்பதை என்னவென்று சொல்வது! அந்தப் பாதித் தொகையைத் திரும்பக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

சைனிக் பள்ளி வேறு. 1961-இல் பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி. கே. கிருஷ்ண மேனன் காலத்தில், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேரும் தகுதி பெறவேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கப்பட்ட திட்டம் அது. நம் மாநிலத்துப் பள்ளி 1962 ஜூலை 16 அன்று பிறந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணையருகில் அமராவதிநகரில் இருக்கிறது. இராசபாளையம், மதுரை, திண்டுக்கல், பழனி என்று பேருந்து மாறி மாறிப் போனால் உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு பகல் பயணம். அணைப் பக்கத்தில் முதலைப் பண்ணை ஒன்று இருப்பதை மகனிடம் சொல்லுங்கள்; படிப்பைவிட அதுதான் அவனை முதலில் இழுக்கும்.

ஆறாம் வகுப்பில் சேர, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்துபோகும் இளைய மகளையும் இதற்காகவே குறிப்பிடுகிறேன். தேர்வுக்கு 300 மதிப்பெண். 150 நிமிடத்தில் 125 வினாக்கள். கணக்கு மட்டும் 50 வினாக்கள், வினாவுக்கு மூன்றாக 150 மதிப்பெண். மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகிய மூன்றும் சேர்ந்து மற்றொரு 150. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 25, மொத்தத்தில் நூற்றுக்கு 40 எடுத்தால்தான் தகுதி. இடம் கிடைப்பதோ அதற்கு வெகு மேலே. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். வீட்டில் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் தேர்வுவரை வேண்டாம்.

கணக்கு என்றேன். வினாவுக்குச் சராசரி எழுபத்திரண்டு விநாடி. கேட்கப்படுபவை பின்னம், விழுக்காடு, இலாப நட்டம், தனிவட்டி, மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்தி, கோணம், பரப்பளவு போன்றவை. இவற்றில் பாதியை உங்கள் கணவர் நாள்தோறும் சந்தையில் வாயாலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்! நாற்பத்தெட்டுக் கிலோ மூட்டை, கிலோ முப்பத்தைந்து ரூபாய், நூற்றுக்குப் பத்து கழிவு, கைக்கு வருவது எவ்வளவு? ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று அவர் மூட்டையை இறக்கும் முன்பே சொல்லிவிடுவார். அந்த வித்தை ஏன் மகனுக்குப் போகவில்லை? சந்தையிலிருந்து களைத்து வந்தவரிடம் பிள்ளை கணக்குக் கேட்பதில்லை. அவரும் "எனக்கென்ன படிப்புத் தெரியும்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். இரவு உணவுக்கு முன் கால்மணி நேரம் தந்தை மூட்டைக் கணக்குச் சொல்லட்டும், மகன் மனத்தால் போடட்டும், பிறகு அதையே தாளில் எழுதிக் காட்டட்டும். நான்கு மாதம் இப்படி நடந்தால் எந்தப் பயிற்சி நிலையமும் அதற்கு ஈடாகாது. நுண்ணறிவு வினாக்களுக்கு மட்டும் பழகிய கண் வேண்டும். பழைய வினாத்தாள்கள் போதும். கடிகாரத்தை முன்னால் வைத்து, வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்தபின்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் மருத்துவப் பரிசோதனை உண்டு. கண், காது, எலும்பு எல்லாம் பார்ப்பார்கள். ஓராண்டு படித்து, தேறி, நிறக்குருடு என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ளும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். இப்போதே அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது சான்றிதழ். இதில் நம் மக்கள் பலர் தவறுகிறார்கள். பள்ளியில் சேர்த்தபோது வாங்கிய சாதிச் சான்று வேறு. மத்திய அரசுக்கென்று வருமான வரம்பைக் குறித்துத் தரப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் குடும்பம் ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்கான இடம் கிறிஸ்தவருக்குக் கிடையாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. தெருவில் தீண்டாமை மதம் பார்ப்பதில்லை, சட்டம் மட்டும் பார்க்கிறது. "இந்து என்று சான்று வாங்கிவிடுங்கள்" என்று உங்களுக்கும் ஒருவர் யோசனை சொன்னாராம். அவர்மீது எனக்குக் கோபமில்லை; அநீதி மனிதரை அப்படித்தான் யோசிக்க வைக்கும். ஆயினும் திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, பத்து வயதில், தன் பெயருக்கு எதிரே பொய்யொன்றைத் தாங்கிக்கொண்டு விடுதிக்குப் போக வேண்டாம். சட்டப்படியும் அது பின்னாளில் அவனுடைய வேலையையே பறிக்கக்கூடும்.

கட்டணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து அரசின் உதவித்தொகை உண்டு. அது எவ்வளவு, எப்போது கைக்கு வரும், வரும்வரை யார் கட்டுவது என்பதைப் பள்ளி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு, அதன்பின் விண்ணப்பம் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி, பிரிவு. இது நம் பங்குகளுக்குப் புதிதல்ல. இளங்குருமடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. தகரப் பெட்டி, பெயர் தைத்த துணிகள், தட்டு, குவளை. பேருந்து நிலையத்தில் அழாமல் நிற்கும் தாய். அந்தத் தாய்மார்களில் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். நான் எழுதுவதைவிட அவர் சொல்வது மேல். தன் துணியைத் தானே துவைத்தல், எழுப்பாமல் எழுதல், பிடிக்காத கறியையும் உண்ணல், உடல்நலமில்லை என்று கூச்சமின்றி ஒருவரிடம் சொல்லல், யாராவது தகாத முறையில் தொட்டால் உடனே வீட்டுக்குச் சொல்லல்: இவை தெரியாத பிள்ளைக்குத் தனிவட்டி தெரிந்து பயனில்லை. செபங்களைத் தனியே சொல்லவும் பழக்குங்கள். வீட்டில் பாட்டி தொடங்க எல்லாரும் தொடர்கிறோம்; அங்கே தொடங்கிவைக்கப் பாட்டி இருக்கமாட்டார். ஞாயிறு திருப்பலிக்கு என்ன வழி என்பதையும் சேரும்போதே விசாரியுங்கள். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். முதல் ஆறு மாதம் உங்கள் கெட்டிக்காரப் பிள்ளை வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருப்பான். கடிதத்தில் அதை எழுதமாட்டான். நீங்கள்தான் எழுத்துகளுக்கு இடையே படித்துக்கொள்ள வேண்டும்.

இளங்குருமடத்திலிருந்து இடையில் திரும்பிய பிள்ளைகளை நம் ஊர்கள் எப்படி நடத்தின என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். "திரும்பி வந்தவன்" என்று நாற்பது வயதுவரை அடைமொழி சொன்ன ஊர்கள் உண்டு. வெளியே செபமாலை உருட்டிக்கொண்டே அதைச் சொன்னோம். தேர்வில் தேறாத பிள்ளைக்கும், தேறிப் போய் ஏங்கித் திரும்பும் பிள்ளைக்கும் அந்த அடைமொழி காத்திருக்கிறது. அதை முதலில் வீட்டில்தான் தடுக்க வேண்டும்.

அதனால்தான் வளையல் பற்றிய கேள்வி என்னை உறுத்துகிறது. பையன் மக்கு அல்லன். தன் மதிப்பெண்ணின் மேல் அம்மாவின் பொன் தொங்குகிறது என்று புரிந்துகொண்டான். அப்படிப்பட்ட மனத்தோடு எழுபத்திரண்டு விநாடியில் ஒரு கணக்கையும் போட முடியாது. முடிந்தால் இம்மாதமே நவோதயாவுக்கென்று கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கி ஒரு வளையலையாவது மீட்டுவிடுங்கள், அவன் கண்ணெதிரே அதைக் கையில் போட்டுக்கொள்ளுங்கள். இத்தேர்வு ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொல்லுங்கள்: வயது இடம் தந்தால் மறு ஆண்டும் எழுதலாம், ஒன்பதாம் வகுப்பில் காலியிடங்களுக்கு மற்றொரு தேர்வு உண்டு, அது ஆங்கிலத்தில் மட்டும். அரசுப் பள்ளியில் படிப்பவனானால், 2021-22 கல்வியாண்டு முதல் தமிழக அரசு நடத்திவரும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேரவும் வாய்ப்புண்டு, அங்கே கட்டணமில்லை.

இவ்வளவு எழுதியபின் உங்கள் கடிதத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். உறவினர் சொன்னது இருக்கிறது, கணவர் விரும்புவது இருக்கிறது, பயிற்சி நிலையத்தார் சொன்னதும் இருக்கிறது. போக வேண்டுமென்று பையனுக்கு விருப்பமா என்பது நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அவனைக் கேளுங்கள், அவன் தந்தையும் பக்கத்தில் இருக்கும்போது. என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.