அடையாள அட்டையும் மதுக்கடையும்

இந்நாட்டிலே தேசிய அடையாள அட்டை இன்றி ஒருவன் தான் இன்னான் என நிலைநாட்டல் அரிது. பரீட்சை மண்டபத்தின் வாயிலில் அட்டை, வங்கியிலே அட்டை, வாக்குச் சாவடியிலே அட்டை, விடுமுறைக் காலத்தில் ஒரு விடுதியில் ஓரிரவு தங்குவதற்கும் அட்டை. இவ்வாறு எங்கெங்கும் கேட்கப்படும் இவ்வட்டை, நான் கண்ட வரையில், ஓரிடத்தில் மாத்திரம் கேட்கப்படுவதில்லை. அவ்விடம் மதுக்கடை. வாங்க வருபவனின் வயதை அறியாது விற்றலாகாது என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கும் இடமும் அதுவேயாம். இம்முரண்பாட்டைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. மது அருந்துதல் பாவமா அன்றா எனப் பட்டிமன்றம் நடாத்துதல் என் நோக்கமன்று.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் ஹட்டன் பகுதியிலுள்ள எமது தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களைக் காணும் ஆவலோடு எமது பீடத்து நண்பர் நால்வர் வந்து சேர்ந்தனர். நுவரெலியாவில் நாம் தங்கிய விடுதியில் ஐவரது அட்டைகளையும் வாங்கி, இலக்கங்களைப் பெரியதொரு பதிவேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே அறையின் திறப்பைத் தந்தனர். அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால் அன்று மாலை வெளியே உலாவச் சென்றபோது கண்ட காட்சி என் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. மதுக்கடை ஒன்றின் இரும்புக் கம்பிகளுக்கூடாகச் சிறுவன் ஒருவன் பணத்தை நீட்டினான். பதினைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டான். பத்திரிகைத் தாளிற் சுற்றிய இரு போத்தல்கள் அவன் கைக்கு வந்தன. வீதியோரம் நின்ற வேன் ஒன்றில் இருந்தோரிடம் அவற்றைக் கொடுத்து, மிச்சப் பணத்தில் ஒரு தாளைத் தனக்கெனப் பெற்றுக்கொண்டு திரும்பினான்.

“தம்பி எந்தத் தோட்டம்?” என்று வினவினேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாகவும், ஒரு விடுதியில் அறை துடைக்கும் வேலைக்கு நிற்பதாகவும் கூறினான். “ஐ.டி. எடுத்தாச்சா?” என்றேன். “இன்னும் இல்லண்ணே” என்றான். “கடையில கேட்கலியா?” என்றேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். “கடையில எதுக்கண்ணே ஐ.டி. கேட்கப் போறாங்க?” என்றான்.

அவன் வியந்ததிற் பிழையில்லை. பிழை எங்கேயுளது என்பதை ஆராய்வோம்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுசாரப் பொருளை விற்பதைத் தடை செய்கின்றது. குற்றம் விற்பவனைச் சார்ந்ததேயன்றி வாங்க வந்த பிள்ளையைச் சார்ந்ததன்று. ஆகவே, வயதை அறியும் கடமையும் விற்பவனுடையதே. வயதை அறியாமல் வயது வரம்பைக் கடைப்பிடிப்பது எங்ஙனம்? முகத்தைப் பார்த்து மதிப்பிடலாம் என்பர் சிலர். அவ்வாறாயின் அச்சிறுவனின் முகத்தில் 21 வயதைக் கண்ட கண்கள் எத்தகையனவோ!

வயதை அறிதல் கடினமான காரியமுமன்று. 2000ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தோரின் அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது. அவற்றுள் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கழித்தற் கணக்குத் தெரிந்த எவனும் ஒரு கணத்தில் வயதைக் கண்டுவிடலாம். நாள் முழுவதும் மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கும் கடைக்காரருக்குக் கழித்தற் கணக்குத் தெரியாது எனக் கூற எவரும் துணியார்.

“இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு ஒவ்வா” என்போர் போயா தினங்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பூரணை தினத்தன்று நாடெங்கும் மதுக்கடைகள் அடைக்கப்படுகின்றன. அன்று கதவைத் திறந்து வைத்து விற்கும் துணிவு கடைக்காரருக்கு இல்லை. ஏனெனில் திறந்தால் அனுமதிப்பத்திரத்துக்கு ஆபத்து என்பதை அவர் அறிவார். அது மாத்திரமன்று. போத்தலின் மேல் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு முத்திரை ஒட்டப்பட்டிருக்கின்றது. வரி செலுத்தப்பட்ட போத்தலா, கள்ளத்தனமாக வந்த போத்தலா என்பதைச் சோதிப்பதற்கு அரசு வழி கண்டிருக்கின்றது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் காலந்தொட்டு, மதுவினால் வரும் வருமானத்தைக் கணக்கிட்டுக் கவனித்து வரும் நிர்வாகம் இது. போத்தலின் அடையாளத்தைச் சோதிக்கத் தெரிந்த அரசுக்கு, அதனை வாங்குபவனின் வயதைச் சோதிப்பிக்கத் தெரியாமற் போனது விந்தையே! இயலாமை இங்கு காரணமன்று, அக்கறையின்மையே காரணம்.

இவ்வக்கறையின்மை எல்லோர் விடயத்திலும் இல்லை. 1979ஆம் ஆண்டின் அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்திருந்தது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறுமாறு பணித்தார். பண்பாடு சிதைந்துவிடும் என மேடைகளெல்லாம் அதிர்ந்தன. முப்பது வயதுப் பெண்ணொருத்தி, தன் உழைப்பில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஒரு போத்தல் வாங்கலாமா என்பது நாட்டையே உலுக்கிய பிரச்சினையாயிற்று. ஆனால் பதினைந்து வயதுத் தோட்டத்துச் சிறுவன் இரு போத்தல்களைச் சுமந்து செல்வது எவர்க்கும் பிரச்சினையாகத் தோன்றவில்லை. பண்பாட்டின் காவலர்கள் அந்த மாலைப் பொழுதில் எங்கே சென்றிருந்தனர்? ஒருவேளை அந்த வேனுக்குள்ளேயே இருந்தனரோ?

மலையக மக்களுக்கு அடையாள அட்டை என்பது வெறும் அட்டையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம் முன்னோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சியோரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தபோது, பிரசாவுரிமையற்ற எம்மவர்க்கு அதனால் விளைந்த பயன் யாது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரையில் இந்த நாடற்ற நிலை முற்றாகத் தீரவில்லை. எமது பாட்டன்மார் பிறந்த மண்ணில் தம்மை இன்னாரென்று காட்ட ஒரு துண்டுக் காகிதமின்றி மாண்டனர்.

அட்டை கிடைத்த பின்னரும் அது எதற்குப் பயன்பட்டது? யுத்த காலத்திலே தமிழ் இளைஞனின் அட்டை அவன் மீது சந்தேகங் கொள்வதற்கான ஆவணமாயிற்று. சோதனைச் சாவடிதோறும் அட்டையை நீட்டினான்; பிறந்த இடத்தைப் படித்த பின்னர் கேள்விகள் தொடர்ந்தன. 2007 ஜூன் 7இல் கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. விடுதிப் பதிவேட்டிலே இலக்கம் எழுதுவதைக் காணும்போது எம் பெற்றோர் இன்றும் சற்றே மௌனமாகிவிடுவது இதனாலேயாம்.

ஆகவே எனது வினா இதுதான். எம்மைச் சந்தேகிப்பதற்கு இத்துணை விழிப்போடு கேட்கப்பட்ட அட்டை, எம் பிள்ளைகளைக் காப்பதற்கு ஒரு முறையேனும் கேட்கப்படலாகாதா? அட்டையைக் கேட்பது எப்போதும் அடக்குமுறையன்று. எதற்காகக் கேட்கிறார்கள் என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் கருதுவோம்.

பதினெட்டு வயதில் வாக்களித்து அரசாங்கத்தைத் தெரிவு செய்பவனுக்குத் தன் குவளையைத் தெரிவு செய்யும் உரிமையில்லையா என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. இங்கிலாந்தில் மது வாங்கும் வயது 18, அமெரிக்காவிலோ 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் 21, தமிழ்நாட்டிலும் 21. எவ்வயது பொருத்தமானது என்பது வாதத்திற்குரியது. ஆனால் வரம்பு 18 ஆயினும் 21 ஆயினும், அந்தப் பதினைந்து வயதுச் சிறுவன் அதற்குக் கீழேயே நிற்கின்றான். வரம்பைக் குறைவாக வைத்த இங்கிலாந்திலேயே, 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அத்தாட்சி கேட்கும் வழக்கம் கடைகளிற் பரவியிருக்கின்றது. உரிமை பேசுவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கடையிலே மறுத்தால் கசிப்பை நாடுவர் என்பது மற்றொரு வாதம். கசிப்பின் கொடுமையைத் தோட்டத்திற் பிறந்த எனக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆனால் ஒரு சட்டமீறலைக் காட்டி மற்றொரு சட்டமீறலுக்கு அனுமதி கோருவது எவ்வகை நியாயம்? கசிப்பைப் பிடிப்பது அதிகாரிகளின் கடமை. சிறுவனுக்கு விற்காதிருப்பது கடைக்காரரின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றீடாகாது.

மூன்றாவதாக, “தோட்டத்து மக்கள் குடிப்பவர்கள், அது அவர்களின் பழக்கம்” எனத் தோளைக் குலுக்கிக் கைவிடுவோரும் உளர். இதனைப் படித்தவர்களின் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். இஃது இழிந்த வாதம். குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்து, லயன் அறையில் வாழும் மக்களைச் சுற்றித் தவறணைகளை வளர விட்டு, பின்னர் அவர்களின் இரத்தத்திலேயே குடி ஊறியிருப்பதாகக் கூறுதல் திருடனே பறிகொடுத்தவனைப் பழிப்பதற்கு ஒப்பாகும். எந்தச் சமுதாயத்திலும் பிள்ளைக்கு மது விற்பவன் இருந்தால் மது வாங்கும் பிள்ளையும் இருக்கும்.

இனி, நம்மைப் பற்றியும் சிறிது பேசுதல் வேண்டும். இச்சஞ்சிகையை வாசிப்போருள் மலையகத்துக்கு விடுமுறைச் சுற்றுலா செல்லாதவர் சிலரே. அச்சுற்றுலாக்களில் என்ன நடைபெறுகின்றது என்பதை நாம் அறிவோம். முதலாம் வருட மாணவர் பலர் 21 வயதை எட்டாதவர். “மாத்தையா ஒருவரும் கேட்க மாட்டார், நீ போய் வாங்கு” எனச் சிரேட்ட மாணவர் அவர்களை அனுப்புவதும் உண்டு. விடுதியிலே வேலைக்கு நிற்கும் சிறுவனை ஏவுவது அதனிலும் எளிது. அவன் அடிவாரத்துத் தோட்டமொன்றின் பிள்ளை. ஐம்பது ரூபாய்க்கு மகிழ்ந்து ஓடுவான். வர்க்க விடுதலை பற்றி விரிவுரை மண்டபத்தில் முழங்குகின்ற நாம், விடுமுறையில் ஒரு தொழிலாளியின் பிள்ளையை மதுக்கடைக்கு அனுப்புவோமாயின், அந்த வேனில் இருந்தோருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு யாது? என்னுடன் வந்த நண்பருள் ஒருவர் அன்று மாலை அவ்வாறு செய்ய எண்ணியிருந்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டார். நானும் முன்னைய ஆண்டொன்றில் இத்தகைய காட்சியைக் கண்டு வாளாவிருந்தவனே. ஆதலால் இக்குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

நாம் கோர வேண்டியவை மூன்று. முதலாவது, இளையவராகத் தோன்றும் எவரிடமும் அட்டையைக் கேட்ட பின்னரே விற்க வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக மதுவரித் திணைக்களம் நடைமுறைப்படுத்தல் வேண்டும். போயா தினத்தில் காட்டும் கண்டிப்பை ஏனைய நாட்களிலும் காட்டினாற் போதுமானது. இரண்டாவது, அட்டையைப் பார்ப்பதோடு கடைக்காரரின் வேலை முடிதல் வேண்டும். பெயரையும் இலக்கத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு வேண்டவே வேண்டாம். சோதனைச் சாவடிகளை மறவாத மக்கள் நாம். வயதைக் காண்பதற்கெனத் தொடங்கும் ஏற்பாடு ஆளை வேவு பார்ப்பதாக மாறிவிடலாகாது.

மூன்றாவது கோரிக்கை மதுக்கடையோடு மட்டும் நில்லாதது. 15 வயதை அடைந்தவர் அட்டை பெறல் வேண்டும் என்பது நாட்டின் விதி. பாடசாலையிற் பயிலும் பிள்ளையின் விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துகின்றார். பாடசாலையை விட்டு இடையில் விலகிய தோட்டத்துப் பிள்ளை யாரிடம் செல்வான்? ஏனைய ஊர்களில் கிராம உத்தியோகத்தர் செய்யும் இவ்வேலையைத் தோட்டங்களிலே தோட்ட அத்தியட்சகர் செய்கின்றார். ஒரு குடிமகன் தான் இன்னான் என நிறுவுவதற்குத் தனது தொழில்தருநரின் கையொப்பத்துக்காகத் தோட்டத்துக் கந்தோர் வாசலிற் காத்து நிற்கும் நிலை மாறுதல் வேண்டும். ஏனைய மக்களுக்கு உள்ளவாறே அரசின் உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்து இப்பணியை ஆற்றுதல் வேண்டும். அட்டையில்லாத பிள்ளைக்கு மதுவை மறுப்பதால் அவன் இழப்பது ஒன்றுமில்லை. ஆனால் அட்டையின்மையால் பரீட்சையையும் வங்கிக் கணக்கையும் நல்ல தொழிலையும் அவன் இழக்கின்றான்.

அரசு இவற்றைச் செய்யும் வரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் மலையேறும் மாணவர், மது வாங்குவோராயின், கேட்குமுன்னரே தமது அட்டையை எடுத்து நீட்டட்டும். 21 நிரம்பாதவர் கடைப் பக்கம் செல்லாதிருக்கட்டும். எவரும் ஒரு சிறுவனை அக்கம்பிகளுக்கு முன்னே அனுப்பாதிருக்கட்டும். அனுப்பப்படுபவனைக் கண்டால் தடுத்து நிறுத்தட்டும்.

“கடையில எதுக்கண்ணே ஐ.டி. கேட்கப் போறாங்க?” என்ற வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. உன் வயதை அறிந்துகொள்வதற்குத்தான் தம்பி, நீ இன்னும் பிள்ளை என்பதற்காகத்தான் என்று அன்றே கூறியிருத்தல் வேண்டும்.