குழந்தையின் சிறுநீரகத்தைப் பெரியவரின் அளவுகோலால் அளக்காதீர்கள்

நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றிலிருந்து வரும் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. அது முடிவில் இல்லை. முடிவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் கிரியேட்டினின், டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என வருகிறது. அருகில் 'இயல்பு: 0.6 – 1.2' என்றிருக்கிறது. அந்த வரம்பு வளர்ந்தவருக்கு உரியது. ஆனால் தாளில் எச்சரிக்கைக் குறி ஏதுமில்லை. பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்புகின்றனர்.

கிரியேட்டினின் தசையில் உருவாகும் கழிவு. தசை குறைந்த சிற்றுடலில் அதன் உற்பத்தியும் குறைவு. நான்கு வயதில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 வரை இருப்பதே இயல்பு. 2009-இல் ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் தந்த எளிய கணக்கு நம்மிடம் உண்டு: குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் வகுக்க வேண்டும். உயரம் 100, கிரியேட்டினின் 1.0 எனில் விடை 41. அந்த வயதில் அது 90-க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. அதைத்தான் நம் தாள் 'இயல்பு' என்கிறது.

இப்பிழையின் விலையை யார் தருகிறார்கள்? சிறுநீர் வெளியேறும் வழியில் பிறவியிலேயே தடுப்புச் சவ்வு அமைந்த ஆண்குழந்தை தருகிறது. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கே சிறுநீர் திரும்பி ஏறும் குழந்தை தருகிறது. இவர்களில் பலருக்கு முகமோ காலோ வீங்குவதில்லை. உயரம் பின்தங்கும், தாகம் மிகும், இரவில் படுக்கை நனையும், முகம் வெளிறும், கால் வளையும். உயரத்துக்குச் சத்து மருந்தும், வெளிறலுக்கு இரும்புச்சத்தும், படுக்கை நனைந்ததற்கு வசவும் கிடைக்கின்றன. இடையில் ஒரு காய்ச்சல் வந்தால், 'இயல்பான' அந்த எண்ணை நம்பி அமிகாசினும் இபுபுரோஃபனும் முழு அளவில் தரப்படுகின்றன. இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் குழந்தைகளின் சிறுநீரகச் சிதைவு மெதுவாகும் என்பதை 2009-இல் வெளியான ஐரோப்பாவின் எஸ்கேப் ஆய்வு காட்டியது. நோய் உண்டென்று அறியாதவர் எதைக் கட்டுப்படுத்துவார்?

முடிவைப் பொருள்கொள்வது மருத்துவரின் பொறுப்பு என்பார்கள். அப்படியானால் வரம்பை ஏன் அச்சிடுகிறீர்கள்? ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளர் பிரிவில் கண் முதலில் தேடுவது குறியைத்தான். மென்பொருளை மாற்றச் செலவாகும் என்பார்கள். குழந்தையின் வயது அதே தாளின் தலைப்பிலேயே இருக்கிறது. அதைப் படிக்க மென்பொருளுக்குக் கற்பித்தால் போதும். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையும், ஆய்வகம் பரிசோதிக்கும் மக்களுக்குப் பொருந்தும் வரம்பையே கோருகிறது.

சூத்திரம் துல்லியமற்றது என்பது மூன்றாவது வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. ஊட்டமின்றி மெலிந்த குழந்தைக்குத் தசை இன்னும் குறைவு. ஆகவே சிறுநீரகம் பழுதான பின்னும் அதன் கிரியேட்டினின் தாழ்ந்தே நிற்கும். சூத்திரமும் திறனை மிகைப்படுத்தியே காட்டும். சூத்திரமே தவறவிடக்கூடிய அக்குழந்தையைப் பெரியவரின் வரம்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? பசியை அறிந்த குழந்தைகள் இத்தனை பேர் வாழும் நாட்டில் இது சிறு நுணுக்கம் அன்று.

நான் கேட்பவை மூன்று. குழந்தைகளின் தாளில் வயதுக்குரிய வரம்பு அச்சாக வேண்டும். கிரியேட்டினின் கேட்கும் படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் வேண்டும். உயரம் தரப்பட்டால் வடிகட்டும் திறனையும் ஆய்வகமே கணக்கிட்டுத் தர வேண்டும். அங்கன்வாடியில் உயரம் அளக்கிறோம், பள்ளியில் அளக்கிறோம். சிறுநீரகத்தின் நிலையை அறிய வேண்டிய இடத்தில் மட்டும் அளவுநாடாவைக் காணவில்லை.

மருத்துவ மாணவர்களே, நாளை உங்கள் மருத்துவமனையில் ஐந்து வயதுக் குழந்தையின் பரிசோதனைத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கிரியேட்டினினுக்கு எதிரே எந்த வரம்பு இருக்கிறது? பெரியவருடையது எனில், ஆய்வகத் தலைவருக்கு எழுத்தில் எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள். அதற்கிடையே, உங்களிடம் வரும் ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் நீங்களே அளந்து கணக்கிடுங்கள்.