பாலைவன வீட்டுக்கு வன்னி மரம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் துபாய், ஷார்ஜா, பஹ்ரைன் என்று வளைகுடாவில் குடியிருக்கிறார்கள். பெற்றோரும் சில மாதம் போய்த் தங்கிவிட்டு வருகிறோம். தோட்டத்தோடு கூடிய வீடாக இருந்தால் முதல் வேலையாக வாழை, மா, தென்னை என்று நடச் சொல்கிறோம். ஆசை புரிகிறது. ஆனால் மட்டாஞ்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. குச்சியை நட்டாலும் துளிர்க்கும். துபாயில் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவே. குழாயில் வருவதும் கடல்நீரை உப்பு நீக்கிய தண்ணீர். அதை ஊற்றி வாழை வளர்ப்பது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

நிழல்தான் வேண்டுமென்றால் அந்த மண்ணுக்கே உரிய மரம் இருக்கிறது. அரபியில் 'காஃப்' என்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் வன்னிதான்! விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சம். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம். ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு அது தேசிய மரம். 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாக அங்கே கொண்டாடியபோது இதையே சின்னமாக வைத்தார்கள். பஹ்ரைன் மணல்வெளியில் தன்னந்தனியாக நிற்கிறதே 'வாழ்வின் மரம்', 400 ஆண்டுப் பழமை சொல்லப்படுவது, அதுவும் வன்னிதான்.

ராஜஸ்தானில் இதன் பெயர் கேஜ்ரி. 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் இம்மரங்களை வெட்டவிடாமல் தடுத்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். வெறும் பக்தி என்று நினைக்க வேண்டாம். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காய் சமையலுக்கு, வேர் மண்ணுக்குத் தழைச்சத்து. கம்பு வயலின் நடுவே இன்றும் இதை விட்டு வைக்கிறார்கள்.

முதல் ஓரிரு ஆண்டு மேலே வளர்ச்சி தெரியாது. "மரம் வளரவே இல்லையேப்பா" என்று பிள்ளை போனில் சொல்வான். பாலம் கட்டும்போதும் அப்படித்தான். தூணுக்கு அஸ்திவாரம் முடியும்வரை, பார்க்கிறவர்களுக்கு வேலை நடக்காத மாதிரியே இருக்கும். வன்னி முதலில் ஆணிவேரை இறக்குகிறது. 30 மீட்டருக்கு மேலும் போகக்கூடிய வேர் அது. ஆகவே தொட்டியில் வேர் சுருண்ட பெரிய கன்று வேண்டாம், உயரமான பையில் வளர்ந்த சிறு கன்றே நல்லது. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். சில நாள் இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி ஊற்றச் சொல்லுங்கள். வேர் பிடித்த பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சீமைக் கருவேலமும் இதே இனம்தான், அங்கேயும் பரவிக் கிடக்கிறது. ரயில் பாதை ஓரங்களில் அதை வெட்டி வெட்டி அலுத்தவன் நான். சீமைக் கருவேலத்தில் முள் இலைக்காம்படியில் ஜோடியாக நீண்டிருக்கும். வன்னியில் சிறு முட்கள் கிளை நெடுகச் சிதறி இருக்கும். இங்கிருந்து விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், விமான நிலையத்தில் சங்கடம். அங்குள்ள நர்சரியில் 'காஃப்' என்று கேட்டு, முள்ளைப் பார்த்து வாங்கினால் போதும்.