பக்கத்துக் காட்டு மண்ணுக்கு எழுதின அட்டை

எங்க அக்காவுக்கு வயசு 51. கர்ப்பப்பை எடுத்தாச்சு. உடம்பு அனலா எரியுது, ராத்திரி தூக்கமே இல்லைன்னு போனப்ப டாக்டர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தார். உரக்கடைக்காரர் செல்போனைக் காட்டி, "இதனால மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதாம்" என்றார். நானும் பயந்துபோய் "விட்டுடுக்கா" என்றேன். மறுபடி தூக்கம் போச்சு.

கடைசியில் டாக்டரிடமே கேட்டோம். அது 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. 10,000 பெண்களில் வருஷத்துக்கு 30 பேருக்கு வருவது 38 ஆனது. அதுவும் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்ந்த மருந்தில். கர்ப்பப்பை இல்லாதவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் மார்புப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம்தான் கொஞ்சம் கூடியது. அதனால்தான் பிரஷர் பார்த்து எழுதினாராம்.

பக்கத்துக் காட்டு மண் பரிசோதனை அட்டையை வச்சு நம்ம காட்டுக்கு உரம் போடுவோமா? உரக்கடைக்காரர் மேல் கோபமில்லை, அக்கறையில்தான் சொன்னார். தப்பு என்னோடது. நல்ல மனுசன் சொல்றதால, படிச்சது அவருக்குச் சரியாப் புரிஞ்சிருக்கும்னு நம்பிட்டேன்.

யாராவது சதவீதம் சொன்னா, எந்த மருந்து, யாருக்கு, எத்தனை பேரில் எத்தனைன்னு கேளுங்க. மாத்திரையை நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க.